சி.ஆர்.பி. எறங்கிப் போச்சி

காலைல எழுந்தா என் விரலுங்க மடங்காது. முட்டி ரெண்டும் பன்னு கணக்கா வீங்கிக்கினு இருக்கும். "இருபத்துநாலு வயசுலயே பெரிசாயிட்டான்டா"ன்னு கூட்டாளிங்க ஓட்டுவானுங்க. நானும் சும்மா இருப்பனா? "பெரியவருக்கு சீட்டு குடுங்கடா"ன்னு பஸ்ல அவனுங்கள எழுப்பி வுட்டுட்டு உக்காந்துக்குவேன்.

கள்ளக்குறிச்சி டாக்டரு மாத்திரை எழுதிட்டு, "ஜிம்முக்குப் போயி கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடு"ன்னாரு. உள்ளாற வீக்கம் எவ்ளோ கெடக்குதுன்னு காட்டுற டெஸ்டாம், சி.ஆர்.பி.ன்னு பேரு. ஆறுக்குக் கீழ வரணும், வந்துட்டா அப்புறம் டெஸ்டே வேணாமாம். எனக்கு முப்பது. பள்ளிக்கூடத்துல கணக்குலகூட நான் அவ்ளோ எடுத்ததில்ல.

மாடியில லேப்பு. ரத்தம் எடுக்க ஒரு பொண்ணு. நரம்பத் தட்டித் தட்டித் தேடும், விரலு ஜில்லுன்னு இருக்கும்.

"பயமாண்ணா?"

"ஊசிக்கில்லமா. நீ அண்ணாங்கற பாரு, அதுக்குத்தான்."

மாஸ்க்குக்குள்ளயே சிரிச்சிது. கண்ணு காட்டிக் குடுத்துடுச்சி.

அப்புறம் ஒரு நாளுகூட ஜிம்ம வுடல. முப்பது பதினெட்டாச்சி. அடுத்த மூணு மாசத்துல பதினொண்ணு. விரலு மடங்குச்சி, பழையபடி லாரியில லோடு ஏத்துற வேலைக்கும் போனேன். அப்பதான் ஒறச்சிது. ஆறுக்குக் கீழ போயிட்டா அந்த மாடிப்படியில எனக்கு இன்னா வேலை?

"டெஸ்டுக்கு ரெண்டு நாளு முன்ன எதையும் தூக்காத, தசை நொந்து போனா நம்பரு ஏறிக் காட்டும்"னு ஜிம் மாஸ்டர் சொல்லி வச்சிருந்தாரு. அவரு தூக்காதன்னுதான் சொன்னாரு. எனக்கு வேற மாதிரி காதுல வுழுந்துச்சி. அடுத்த டெஸ்டுக்கு மொத நாளு கல்வராயன் மலையில மரவள்ளிக் கெழங்கு லோடு. பாதி லாரிய நானே ஏத்துனேன்.

"இன்னாடா, பேய் பூந்துகிச்சா?"ன்னான் கூட வந்தவன்.

நம்பரு இருபத்தாறு. எனக்கு ஒரே குஷி. ரிப்போர்ட்டு எடுத்துகினு வந்த பொண்ணு மூஞ்சிதான் சுருங்கிப் போயிருந்துச்சி.

"இவ்ளோ ஜாஸ்தியாயிடுச்சேண்ணா. மாத்திரைய ஏத்திடுவாங்க. எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஏத்துனாங்க, ஒத்துக்காம ரொம்பப் பட்டுட்டாரு."

சொல்றப்பவே கண்ணு கலங்கிடுச்சி. எனக்குத் தாங்கல. "நேத்து மலையில மூட்டை தூக்குனேன்"னேன்.

"தூக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரிஞ்சேதான் தூக்குனேன்."

"எதுக்கு?"

எனக்கு எப்பவும் மூடாத வாயி. அன்னிக்கி அது கண்ணத்தான் பாத்தேன். அது என்னையே பாத்துகினு இருந்துச்சி. அப்புறம் மெல்ல, "நாலு நாளு சும்மா இருந்துட்டு வாங்க. மறுபடி எடுக்கலாம்"னுச்சி.

நாலு நாளும் வூட்டுல தண்ணிக் கொடத்தக்கூட நான் தொடல. அம்மா திட்டித் தீத்துடுச்சி. நம்பரு நாலு வந்துச்சி.

எங்க ஊரு பக்கம் யாரு கெளம்புனாலும் "போய்ட்டு வாங்க"ம்பாங்க. ஆஸ்பத்திரியிலயும் லேப்புலயும் மட்டும் அதச் சொல்ல மாட்டாங்க, திரும்பவும் நோவோட வான்னு சொன்னாப்ல ஆயிடும். ரிப்போர்ட்ட என் கையில குடுத்துட்டு, "இனிமே இந்தப் பக்கம் வரவே வராதீங்க"ன்னுச்சி. அண்ணான்னு சொல்லல.

நாலஞ்சு வாட்டி அந்த மாடிப்படி வரைக்கும் போயிருக்கேன். நல்லாருக்கறவன் இன்னான்னு சொல்லி மேல ஏறுறது? ஜிம்முல எடைய எறக்கி வச்சிட்டு, முழங்கை மடிப்பத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். ஊசி குத்துன தடங்கூட இல்ல.