ஏறிய ஒரு கிலோ

எடை கூடினால் அழுகிறவளாக இருந்தேன் நான். கல்லூரி நாட்களில் ஐயாயிரம் மீட்டர் ஓடினேன். போட்டி நெருங்கும்போது அரை கிலோ ஏறிவிட்டாலும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். ஓட்டத்தை விட்டு, குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து, கல்யாணமாகிக் கீரனூருக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஒல்லியாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்ப்பம் உறுதியான கையோடு வாந்தி பிடித்துக்கொண்டது. தாளிக்கிற வாசம் வந்தால் போதும், கொல்லைப்பக்கம் ஓடுவேன். கணவருக்குத் திருச்சியில் வேலை; விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் நானும் மாமியாரும்தான். அத்தை வல்லத்திராக்கோட்டையில் வயல் வேலை செய்து வளர்ந்தவர். சாப்பாடு என்றால் அவருக்குத் தட்டு நிறைய வேண்டும். ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் என்று சோற்றைக் குவித்து, நெய்யை ஊற்றி, நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் மனம் கோணக்கூடாதென்று விழுங்குவேன். கை கழுவுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் நான் இலையைத் தொடாமல் இருப்பதைப் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, என் காதில் விழும்படியே அத்தையிடம் சொன்னாள்:

"ஓடி ஓடி வயிறு ஒட்டிப்போயிக் கெடக்கு. இதுல எங்கிட்டுப் புள்ளை தங்கும்?"

அத்தை பதில் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை என்னிடமும் பேசவில்லை. அவர் அதை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே பாதி நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அடுத்த பரிசோதனையில் எடை நன்றாகவே இறங்கியிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, எடை குறைந்ததற்காகப் பயந்தேன். டாக்டரம்மா வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாதங்களில் நிறைய ஏற வேண்டியதில்லை, இரண்டு பேர் சாப்பாடும் வேண்டியதில்லை என்றார். ஆனால் இப்படி இறங்கிக்கொண்டே போகக்கூடாது; ஏற்கெனவே ஒல்லி உடம்பு என்பதால் கொஞ்சமாவது ஏறியாக வேண்டும். தண்ணீர்கூடத் தங்காவிட்டால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே யோசித்தபடி இருந்தேன். ஐயாயிரம் மீட்டரை நான் ஒரே மூச்சில் பழகவில்லை. கொஞ்சத் தூரம் ஓடி, நின்று, மறுபடி ஓடித்தான் அது கைவந்தது. சாப்பாட்டையும் அப்படித்தான் பழக வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும், இனிமேல் தட்டு வேண்டாம், கிண்ணம் போதும் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மருமகளுக்கு மாமியா அளந்து போடுறான்னுல்ல ஊரு பேசும்?"

"பேசிட்டுப் போகட்டும் அத்தை. எனக்கு ஒரே தடவையில எறங்கல. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, நாள் பூரா சாப்பிடுறேன்."

அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். காலையில் எழுந்தபோது தாளிப்பெல்லாம் முடிந்து, வாசம் போக ஜன்னல்கள் திறந்து கிடந்தன. மேசைமேல் சின்னச் சின்ன டப்பாக்கள்: அவித்த நிலக்கடலை, மோர்சாதம், வேகவைத்த முட்டை, பொட்டுக்கடலை உருண்டை.

பள்ளியில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே வேப்பமரத்தடியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். முட்டை ஒத்துக்கொள்ளவில்லை. அதைச் சொன்னதும், மறுநாள் அதன் இடத்தில் பாசிப்பயறுச் சுண்டல் இருந்தது. சில நாள் எதுவுமே தங்காது. அன்றைக்கு மோரை மட்டும் மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு மறுநாள் மறுபடி தொடங்குவேன். மெல்ல மெல்ல வாந்தி குறைந்தது. ஒரு மத்தியானம் எனக்குப் பசித்தது. பசி என்றால் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பரிசோதனைக்கு அத்தையும் வந்தார். எடை மிஷினில் நான் ஏறப்போனபோது செருப்பைக் கழற்றச் சொன்னார். தோளில் கிடந்த பையையும் வாங்கிக்கொண்டார். இறங்கியதெல்லாம் திரும்பி வந்து, அதற்கு மேல் ஒரு கிலோ ஏறியிருப்பதாக நர்ஸ் சொன்னார்.

"இன்னொரு வாட்டி ஏறு தாயி," என்றார் அத்தை.

ஏறினேன். அதே எடைதான். வரிசையில் காத்திருந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, ஓடி ஜெயித்தவளைப்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டேன். நர்ஸ் சிரித்துவிட்டார். விளையாட்டாக அத்தையையும் ஏறச் சொன்னேன். மிஷினைப் பார்த்த நர்ஸின் முகத்தில் சிரிப்பு குறைந்தது. ஒங்க எடைதான் ரொம்பக் கொறைச்சல், சரியாச் சாப்பிடுறதில்லையா என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இவ எடுக்குற வாந்தியக் கேட்டுக்கிட்டு எனக்கு மட்டும் எப்புடிச் சோறு எறங்கும்?"

காதுகுத்து அன்று அவர் பேசாமல் வந்தது என்னைப் பற்றிய கவலையில்தான், அந்த உறவுக்காரியின் பேச்சை நம்பி அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வெளியே வந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் பையிலிருந்த கடலை டப்பாவைத் திறந்து அவர் கையில் கொட்டினேன். மறுக்காமல் சாப்பிட்டார்.

பஸ் கிளம்பியதும் மகனுக்குப் போன் போட்டார். இரைச்சலில் அந்தப் பக்கம் மகனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக, முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி கத்தினார்:

"ஏறிருச்சுய்யா! ரெண்டு தடவை நிறுத்துப் பாத்தாச்சு, நெசமாவே ஏறிருச்சு!"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.