வெண்டிரையாளின் அடியார்கள்

தெய்வங்களுக்கு அடியார்களைப் படைத்துத் தருவதே அவ்விளையாட்டில் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. என் கணவரோடு கல்லூரியில் பயின்று, மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றிருந்த நண்பர் ஒருவர், எழுபதுகளின் இறுதியில், மழை தொடங்குவதற்குச் சற்று முன் ஓர் அட்டைப்பெட்டியை எங்களுக்கு அனுப்பியிருந்தார். உள்ளே மெல்லிய கையேடுகளும், நாம் அறிந்த பகடையைப் போலன்றிப் பல முகங்கள் கொண்ட வண்ணப் பகடைகளும் இருந்தன. கட்டமும் இல்லை, காய்களும் இல்லை. ஒருவர் ஓர் உலகத்தை வாயால் விரித்துச் செல்ல, மற்றவர்கள் அவ்வுலகத்து மாந்தராகி, இன்னது செய்கிறேன் என்று அந்த மாந்தரின் குரலிலேயே சொல்ல வேண்டும். அது கைகூடியதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

நாங்கள் உடும்பஞ்சோலைக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் வாழ்ந்தோம். கணவர் அங்கே மேற்பார்வையாளர். நான் மீனாட்சிபுரத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் புலவர் படிப்பை முடித்த கையோடு மணமாகி மலையேறியவள். மழைக்காலத்தில் பாதை அறுந்துவிட்டால் கிழமைக்கணக்கில் ஒருவரும் வாரார். தோட்டத்து மருந்தகக் கம்பவுண்டர் மட்டும், பாலக்காட்டு அக்கிரகாரத்துப் பேச்சு மாறாத நடுவயதினர், ஞாயிறுதோறும் குடையோடு வந்துவிடுவார். ஆக விளையாடியவர் மூவர்.

கையேட்டில் தெய்வங்கள் பலர் இருந்தனர். பெயர் உண்டு, படைக்கலம் உண்டு, வலிமைக்குரிய எண் உண்டு. அவர்களை வணங்குவோர் யார், எதைப் படைப்பர், எதை விலக்குவர் என்பது மட்டும் இல்லை.

கம்பவுண்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதென்ன தெய்வம்? ஒரு நைவேத்யம் கிடையாது, ஒரு நோம்பு கிடையாது. பாவம், பட்டினி கெடக்கறதுகள்," என்றார்.

அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சமயநெறிகளைப் படித்தறிந்தவள் என்பதால் எனக்கொரு துணிவு இருந்தது. ஒரு நெறியை உயிர்ப்பிப்பது போற்றிப் பாடல் அன்று, விலக்கு. எதை அஞ்சி எதைச் செய்யாதிருக்கிறார்கள் என்பதை எழுதிவிட்டால் அடியார் தாமே எழுந்து நடப்பர் என்பது என் முடிவு. போர்த்தெய்வம் ஒன்றுக்குத் தோற்றவர்களை மட்டுமே அடியாராக்கினேன். அவர்கள் வென்றவன் வீட்டு நீரை அருந்தார். வாயில்காக்கும் தெய்வத்தின் கூட்டத்தார் வீட்டில் ஒரு சன்னலை எந்நாளும் சாத்தார். கணவர் மகிழ்ந்து மேலும் கேட்டார். அப்போது சன்னலுக்கு வெளியே சரிவு முழுவதும் பனிமூட்டத்துள் அமிழ்ந்து கொண்டிருந்தது. கையேட்டில் இல்லாத தெய்வம் ஒன்றை நானே உண்டாக்கினேன். பனியையே வெண்திரையாய் உடுத்தவள் என்னும் பொருளில் வெண்டிரையாள் என்று பெயரிட்டேன். அவளுடைய அடியார் பனிக்குள் எவரையும் குரலெடுத்து அழையார். அழைத்தால், அழைக்கப்பட்டவரை அவள் தனக்கென்று கேட்டுக்கொள்வாள்.

அந்த விலக்கையே சொல்லும் வேண்டுதல் ஒன்றையும் ஆசிரியப்பாவில் யாத்தேன். மின்விளக்கு எட்டாத மலை அது. குத்துவிளக்கின் முன் அமர்ந்து, அடியவளின் குரலில் அதை நான் ஓதுவேன். கணவரும் கம்பவுண்டரும் கைகூப்பிக் கேட்பர். விளையாட்டின் விதி அப்படி: நடிப்பது தெரியாமல் நடிக்க வேண்டும்.

சமையலுக்கு உதவிய பெண் ஒரு நாள் அந்த அறைக்குள் தேநீர் கொண்டுவரும்போது தலை ஈரமாக, குளித்துவிட்டு வந்திருந்தாள். மறுகிழமை அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே தட்டை வைத்துவிட்டு விலகினாள். அதன் பின் எங்கள் முற்றத்தின் கோடியில், பனி ஏறிவரும் பக்கத்தில், வாழையிலைத் துண்டு ஒன்றில் பச்சை ஏலக்காய்கள் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். என்னவென்று கேட்டதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொழிலாளர் பெரும்பாலோர் மதுரைக்கு மேற்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊர்களில் குலதெய்வம் பெட்டிக்குள் இருக்கும். தெய்வத்துக்குரிய பொருள்களை வைத்துப் பூட்டிய பெட்டியை ஒரு வீட்டார் காப்பர். அதைத் திறக்கும் நாளில் விளக்கேற்றி ஓதுவர். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. விளக்கேற்றித் திறந்தோம், ஓதினோம். கங்காணி, கூட்டத்தை நடத்தும் மூத்த தொழிலாளி, அது வீட்டுச் சாமியா என்று கணவரிடமே கேட்டிருக்கிறார். "ஆமா, பொட்டியிலயே வந்த சாமிதான்," என்று இவர் சொல்லிவிட்டு, அந்த வேடிக்கையை இரவு உணவின்போது என்னிடம் கூறிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு வீட்டின் கீழ் உழைப்பவர்கள் அந்த வீட்டுச் சாமியின் விலக்கைத் தாமும் மீறார் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஏலக்காட்டில் பனி இறங்கினால் பக்கத்துச் செடியும் தெரியாது. காய் எடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூவியழைத்துக்கொண்டே வேலை செய்வர். யார் எங்கே இருக்கிறார், யானைத்தடம் எங்கே தென்பட்டது என்பதெல்லாம் அந்தக் கூவலில்தான் போகும் வரும். அந்தக் கூவல் எங்கள் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் நின்றுபோயிருந்தது. மழையிரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்காட்டில் மண் சரிந்திருப்பதாகச் செய்தி வர, ஒரு நாள் காலை கணவர் அதைப் பார்க்கத் தனியே சென்றார். நண்பகலுக்கு முன்பே பனி மூடிவிட்டது. உணவுக்கு அவர் வரவில்லை. நான் கங்காணிக்குச் சொல்லியனுப்பினேன். அவர் ஆள்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நான் முற்றத்தில் நின்று செவியைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தேன். தேடுகின்றவர்களின் குரல் கேட்கும், அது விலகிப் போகும், பிறகு நெருங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு குரலும் இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும். பலர் சென்ற மலையிலிருந்து ஓசையே எழாதிருப்பது எத்துணை அச்சம் தருவது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் அவர்கள் வெறுங்கையோடு இறங்கினர். இருட்டிவிட்டால் யானைகள் அந்தப் பக்கம்தான் கடக்கும். சரிந்த மண்ணும் மழையில் மேலும் சரியும். எதுவரை போனீர்கள், எப்பக்கம் கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூப்பிடலம்மா," என்றார் கங்காணி. "பனிக்குள்ள அய்யாவ எப்படிக் கூப்பிடுறது? உங்க வீட்டுச் சாமிக்கு ஆகாதுல்ல."

எனக்கு முதலில் பொருள் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். சமையற்பெண் அடுப்படி வாயிலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அது சாமியே இல்லீங்க," என்றேன். "நாங்க வெளையாட்டுக்குக் கட்டுனதுங்க. நாந்தான் எழுதுனேன்."

ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கங்காணி ஓரடி பின்வாங்கினார். அவர் முகத்தில் ஐயம் இல்லை. எனக்காக அஞ்சுவது மட்டுமே தெரிந்தது.

"இந்த நேரத்துல பனியாத்தாள அப்படிச் சொல்லாதீங்கம்மா. அய்யா உள்ள இருக்காரு."

பனியாத்தா. நான் இட்ட பெயரைக் கூட அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அவளை மறுக்க மறுக்க அவர்கள் மேலும் ஒடுங்குவர் என்பது தெரிந்துவிட்டது. வாதிட்டு ஒரு தெய்வத்தைக் கலைக்கப் பொழுதும் இல்லை. விளையாட்டில் வழியடைத்துக்கொண்டால் விதிக்குள்ளேயே ஒரு சந்து தேடுவோம். அன்றும் அப்படித்தான் தேடினேன்.

"நான் வேற ஊட்டுல பொறந்தவங்க. எங்க பொறந்த ஊட்டுச் சாமிக்கு இந்தக் கட்டு இல்லீங்க. நான் கூப்புடறேன். நீங்க கூட வந்தாப் போதும்."

கங்காணி சற்று யோசித்து, அது முறைதான் என்பதுபோல் தலையசைத்தார். வெட்டுக்கத்தியோடு அவர் முன்னே நடந்தார். அட்டைகள் காலில் ஏறுவதை உணர்ந்தும் குனியவில்லை. முன் செல்பவரின் முதுகு பனிக்குள் கரைந்தும் தோன்றியும் போய்க்கொண்டிருந்தது. சரிவு தொடங்கும் பாறையருகே அவர் நின்றார்.

"ஏனுங்க," என்று கூவினேன். மணமான நாளிலிருந்து கணவரை வேறுவிதமாய் அழைத்ததில்லை. அந்தக் குரல் எவருக்கும் உரியதன்றிப் பனியில் அலைந்து போயிற்று. மூச்சை இழுத்து, அவர் பெயரைச் சொல்லிக் கூவினேன். ஆண்கள் தலைகுனிந்தார்கள். தெய்வத்தின் கட்டை மீறியதைக் காட்டிலும் கணவன் பெயரை நான் உரக்கச் சொன்னதுதான் அவர்களைக் கூசச் செய்தது போலும்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குரல் கேட்டது. தேய்ந்த குரல், எப்பக்கமிருந்து என்று சொல்லமுடியாத குரல். நான் பாய்ந்தேன். கங்காணி என் முன்கையைப் பற்றினார். அதற்கு முன்பு அவர் என் நிழலைக் கூட மிதித்தவரல்லர்.

"பொறுங்கம்மா. மொதக் குரலுக்குப் போகக் கூடாது. அது அவ குரல். ரெண்டாவதுதான் மனுசன் குரல்."

அது நான் எழுதியதன்று. எந்தச் செய்யுளிலும் எந்தக் கையேட்டிலும் அது இல்லை. யார் அதைச் சேர்த்தார்கள், அல்லது அந்த மலையில் முன்பே இருந்த ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதா, நான் அறியேன். கையை உதறி ஓடியிருக்கலாம். அவர் மெல்லத்தான் பிடித்திருந்தார். மறுபடியும் கூவியிருக்கலாம். புலவர் பட்டம் பெற்றவள், அத்தெய்வத்தை ஒரு மழைப்பொழுதில் இட்டுக்கட்டியவள், வாயைத் திறக்காமல் நின்றேன். கீழே எங்கோ ஈரமண் பொலபொலவென்று உதிர்ந்தது. கணவர் மேல்தான் உதிர்கிறதோ என்று தோன்றியது. அப்போதும் நான் நகரவில்லை.

இரண்டாம் குரல் வந்தது. கங்காணி என் கையை விட்டார், எல்லோரும் ஓடினோம். சரிவின் அடியில், வேரோடு சாய்ந்திருந்த மரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் கணவர் கிடந்தார். கணுக்கால் முறிந்து வீங்கியிருந்தது. மேலே தொங்கிய மண்ணைப் பார்த்துப் பார்த்து அவரை இழுத்தெடுத்தார்கள். கழிகளில் சாக்கைக் கட்டி அதில் கிடத்தி, வெளிச்சம் அடங்குமுன் வீடு சேர்த்தார்கள்.

கம்பவுண்டர் வந்து மூங்கிற்சிம்பு வைத்துக் கட்டினார். அன்றைய பேச்சு எதையும் அறியாத அவர், "படுத்துண்டே ஆடலாமே, வாய் நன்னாத்தானே இருக்கு," என்றார். நாங்கள் சிரிக்காததைக் கண்டு, மருந்தை எடுத்து வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் போனபின் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ கூப்பிட்டது கேட்டுது. நான் கொரல் குடுத்தேன். அப்பறம் ஒரு சத்தமும் இல்லை. ஏன் அப்படியே நின்னுட்ட? எல்லாரும் திரும்பிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

காற்று எதிராக அடித்தது, கேட்கவில்லை என்றேன். அன்று காற்றே இல்லை என்பது அவருக்கும் தெரியும். மேலே ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

வெந்நீர் வைக்க அடுப்படிக்குச் சென்றேன். சமையற்பெண் போய்விட்டிருந்தாள். சன்னலின் கம்பிகளுக்கிடையே பனி உள்ளே நுழைந்து, விளக்கைச் சுற்றி வெண்மையாய் நின்றது. அறையிலிருந்து அவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். அவர் குரல்தான்; எத்தனையோ மாலைகளில் கேட்ட குரல். கையிலிருந்த செம்பைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, அவர் இன்னொரு முறை அழைக்கும்வரை அங்கேயே நின்றேன்.