முத்தாபுதுப்பேட்டையில் இறங்கிய ஒற்றைப் பூனைப்பருந்து

நேற்று சாயங்காலம் முத்தாபுதுப்பேட்டையில் பருந்து எண்ணப் போனோம்!

(சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது. சம்பளம்தான் கிடையாது.)

பூனைப்பருந்துகள் குளிர்காலத்தில் கஜகஸ்தான் பக்கமிருந்து இங்கே வரும். இருட்டும் நேரத்தில் புல்வெளியில் இறங்கித் தரையிலேயே தூங்கும். வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருவதால், எங்களைப் போன்ற ஆர்வக்கோளாறுகள் போய் எண்ணுகிறோம்.

கூட வந்தவள் அம்பத்தூர் ஆபீஸ் தோழி ஸ்டெல்லா. போன வருடம் இங்கே ஒரு கூட்டமே இறங்கியதைப் பார்த்தவள். இருவருக்கும் ஒரே பைனாகுலர்.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார்.

"இன்னா நைனா, பிளாட்டு பாக்க வந்துகீறீங்களா?"

"இல்லண்ணா, பருந்து எண்றோம்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

பொழுது சாய்ந்தது. ஒன்றுகூட வரவில்லை.

"பூஜ்யம்னுதான்பா போடணும்" என்றாள் ஸ்டெல்லா.

அப்போது மாடு ஓட்டிக்கொண்டு ஓர் அக்கா வந்தார்.

"நைனா, அந்த பைனாகுலர குடு. எங்கூட்டுக்காரரு டீக்கடைல கீறாரா, ஒயின்ஷாப்புல கீறாரான்னு பாத்துகினு தரேன்."

கொடுத்தேன். (ஊருக்கே கேட்கும் குரல். மறுக்க முடியுமா!)

"ஐய! இன்னாது இது? பருந்து மாதிரி பறக்குது, ஆந்த மூஞ்சி வச்சிகினு கீது!"

ஸ்டெல்லா துள்ளிவிட்டாள். அந்த ஆந்தை முகம்தான் பூனைப்பருந்தின் அடையாளம்!

"எங்கக்கா? எங்க?"

"தோ, புல்லுல எறங்கிடிச்சி!"

பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெறும் புல்.

நல்லவேளை, இடம் பிடிக்கவில்லையோ என்னவோ, மறுபடி எழும்பி ஒரு சுற்று வந்து படுத்தது. இருவரும் கண்ணாரப் பார்த்தோம். ஸ்டெல்லா அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்!

"ஒண்ணே ஒண்ணுக்கா இம்மாங்கூத்து?" என்றார் அக்கா.

"போன வருசம் நெறைய வந்துச்சுக்கா. இப்ப இது மட்டுந்தான்" என்றாள் ஸ்டெல்லா.

அக்கா மாடுகளைப் புல்வெளிக்குள் விடாமல் சுற்றுவழியில் திருப்பினார்.

"கத்தாதீங்க. அம்மாந்தூரம் பறந்து வந்துகீது, தூங்கட்டும்" என்று எங்களையே அதட்டினார்!

அந்நேரம் பார்த்து அவர் மகளிடமிருந்து போன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"சொல்லும்மே."

ஸ்பீக்கரில் மகள் அலறியது புல்வெளிக்கே கேட்டது.

"யம்மா! இன்னா ஆச்சி ஒனக்கு? ஏன் மெதுவா பேசுற? ஆஸ்பத்திரில கீறியா?!"