புலியையும் ஆட்டையும் ஏற்றிய படகு

"இதுல தெளிவா இருக்கா, முன்னாடி இருந்ததுலயா?" என்று கேட்டபடியே, கண் சோதிக்க வந்தவரின் கண்முன் கண்ணாடி வில்லையை மாற்றுவார் கண்ணாடிக்கடை அக்கா. பதில் வரும்வரை அவருடைய கால் பெருவிரல் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். யாராவது சுவரிலுள்ள எழுத்துகளைத் திக்கித் திக்கி வாசித்தால், அந்த இழுப்பையும் முணுமுணுத்துப் பார்ப்பார். "கேலி பண்ணலைங்க, நீங்க இழுத்தது நல்லா இருந்துச்சு" என்பார். வந்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

வீட்டில் அவர் வாசிப்பது வியோலா. வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் கொஞ்சம் கனத்தது. அண்ணன் செல்லோ, அதைவிடப் பெரியது, அடிக்குரலில் ஒலிப்பது. தம்பி முதல் வயலின். கணவர் இரண்டாம் வயலின். ஞாயிறு தவறாமல் நால்வரும் கூடத்தில் கூடி வாசித்த காலம் ஒன்று இருந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யார் ஓடி வந்தது, யார் சாக்குச் சொன்னது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை முற்றியது. அம்மா போனதோடு இருவருக்குள்ளும் பேச்சு நின்றுபோயிற்று.

இந்த வருடம் அக்கா தானே நால்வருக்கும் ஓர் இசை எழுதினார். சின்ன வயதில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்ட புதிர்தான் அதற்குக் கரு. படகில் படகோட்டியோடு இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றையும் பத்திரமாக அக்கரை சேர்க்க வேண்டும். செல்லோ புலி, தம்பியின் வயலின் ஆடு, வியோலா படகோட்டி.

"அப்ப நான் புல்லுக்கட்டா? கல்யாணம் ஆனதுலேருந்து அதானே" என்றார் கணவர்.

புலியும் ஆடும் சேர்ந்து ஒலிக்கும் இடத்திலெல்லாம் நடுவில் வியோலா நிற்கும்படி எழுதியிருந்தார். ஓரிடத்தில்கூட அவர்களைத் தனியே விடவில்லை.

"அவன் வருவானா?" என்றார் அண்ணன்.

"வருவான். நீங்க அவன்கிட்ட பேசவே வேணாம்ண்ணா. வாசிச்சாப் போதும்."

தம்பியிடமும் அதையே சொல்லி, "எனக்காக வாடா" என்றார்.

வந்தார்கள். இருவருமே நலம் விசாரித்தது கணவரை மட்டும்தான். அடுத்தடுத்த நாற்காலி; ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாசிப்பு விறைப்பாகவே நகர்ந்தது. கடைசியில், ஆட்டை ஏற்றிய படகு அக்கரையை நெருங்கும் இடத்தில், தம்பிக்குத் தாளம் தவறிவிட்டது. நிறுத்தலாமா என்று அக்கா வாயெடுப்பதற்குள் செல்லோ தன் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் இசைத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனாலும் காத்திருந்தார். தம்பி மூச்சை இழுத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்.

அக்கா தனக்கு எழுதியிருந்ததை வாசிக்காமல் வியோலாவை மெல்ல மடியில் இறக்கினார். கணவர் அவரைப் பார்த்தார். புரிந்துகொண்டு தானும் நிறுத்திவிட்டார். கூடத்தில் செல்லோவும் வயலினும் மட்டும் பாடிக்கொண்டிருந்தன.

தம்பியின் தாளில் பக்கம் முடிந்தது. அவருக்கு இரண்டு கையும் ஓயவில்லை. அண்ணன் தன் வாசிப்பை விட்டுவிட்டு, எட்டி அந்தப் பக்கத்தைத் திருப்பி, மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.