மூச்சை விட்டால்தான் அளவு

போன வாரம் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில், பக்கத்து வரிசையில் ஒருவர் சோதனைக்காக இரண்டு கைகளையும் தூக்கினார். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே அளவு டேப் இல்லை, துப்பட்டாதான் இருந்தது. டேப்பைக் கழற்றி வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. ஆனாலும் யாராவது கையைத் தூக்கினால் "மூச்சை விடுங்க சார்" என்று நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது.

தையல்கடையில் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் பெர்னாட் அண்ணனின் தோல் பட்டறை. பெல்ட், பை இவற்றோடு தோளில் மாட்டும் துப்பாக்கி உறையும் தைப்போம். இரண்டு தோளுக்கும் வார், இடது அக்குளுக்குக் கீழே உறை. வருகிறவர்கள் பெரும்பாலும் ராணுவத்தில் இருந்துவிட்டு நகைக்கடையில் காவலுக்கு நிற்பவர்கள். துப்பாக்கியை உள்ளே கொண்டுவர அண்ணன் விடமாட்டார். அதே அளவில் செதுக்கிய மரக்கட்டையை வைத்துத்தான் எல்லாம். அவர் கையில் எப்போதும் சாயம் இருக்கும், சட்டையில் ஒட்டும். அதனால் அளவெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வயதில் மீசைக்காரர்களைச் சுற்றி டேப் போடுவதா? முதல் நாள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே அளந்தேன். அன்றைக்கு நான் எழுதிய அளவு எருமைக்குக்கூட லூசாக இருந்திருக்கும்.

வெட்கம் போனபிறகு வந்த சிக்கல்தான் மாணிக்கம் சார். டேப்பைக் கண்டதும் அட்டென்ஷனில் நின்று, மூச்சை இழுத்து, வயிற்றை எங்கோ ஒளித்துவிட்டார். மூன்றாம் நாள் உறையோடு திரும்பி வந்தார்.

"நின்னா நல்லாதாம்மா கீது. குந்துனா உசுரு போவுது."

இந்தத் தடவை உட்காரவைத்து, டீ கொடுத்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்டேன். அவர் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டத் தொடங்கியதும் வயிறு மெல்ல வெளியே வந்தது. அப்போது பிடித்தேன் டேப்பை. மூன்று அங்குலம் வித்தியாசம்.

அவர் புது உறையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலையில்தான் எல்லம்மாக்கா வந்தார். காசிமேட்டிலிருந்து தலையில் கூடையோடு நடந்தே வந்து எங்களுக்கு மீன் தருகிறவர்.

"இன்னாது இது, வண்டி மாட்டுக்குப் பூட்டுன மாரி?"

"துப்பாக்கி வெக்கக்கா."

அவர் கூடையை இறக்கிவிட்டு மாணிக்கம் சாரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "எனுக்கு ஒண்ணு தைச்சுக் குடு."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரை இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருப்பார். முந்தின வாரம் ரயில்வே கேட் பக்கத்தில் மூச்சுத் திணறியிருக்கிறது. ஒரு கை கூடையில், மறுகையால் பையின் ஈரமுடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

"கண்ணு இருட்டிகினு வந்துச்சு. கூடைய வுட்டுட்டேன். ஒரு காலேஜ் பொண்ணுதான் முடிச்ச அவுத்து மருந்தக் குட்த்துச்சு. அது இல்லாங்காட்டி இங்க நின்னு பேசிகினு இருக்கமாட்டேன்."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "அளவெடும்மா."

எடுத்தேன், தப்பாக. தைத்ததை மாட்டிக்கொண்டு, கூடையைப் பிடிக்க அவர் கையைத் தூக்கியதும் இன்ஹேலர் உறை தோள்வரை ஏறிக்கொண்டது. எனவே கூடையைத் தலையில் ஏற்றி சர்ச்வரை நடக்கச் சொல்லி, டேப்போடு பின்னாலேயே போனேன். தெருவே வாசலில் நின்றது.

"இன்னாக்கா, போலீசுல சேந்துட்டியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா, மொத கேசு உன்மேலதான்."

மீன் தண்ணீரில் தோல் ஊறிவிடுமே என்று அண்ணன் உள்பக்கம் ரெக்சின் வைத்தார். மூச்சு மோசமாக இருக்கும் நாளில் தளர்த்திக்கொள்ள வாரில் கூடுதலாக ஒரு துளை போட்டேன். அது என் யோசனை, சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். பட்டறை வாசலில், மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் வஞ்சிரத்துக்கு எல்லம்மாக்காவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். விலை படியாமல் அக்கா கூடையை இறக்கமாட்டார். சட்டென்று பேச்சு நின்றது. உள்ளே இருந்த எனக்கு அவர் நெஞ்சில் விசில் ஊதுவது கேட்டது. நான் எழுந்து ஓடி வருவதற்குள் அவர் வலதுகை அக்குளுக்குள் போனது. அதைப் பார்த்து மாடிக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். கூடை தலையிலேயே இருக்க, இன்ஹேலரின் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அக்கா இரண்டு முறை அழுத்தி இழுத்தார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். தெருவே அவரோடு சேர்ந்து மூச்சுக்குக் காத்திருந்தது.

கண்ணைத் திறந்தார். "இப்ப சொல்லு, வாங்குறியா இல்லியா?"

மாடிக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கினார். நான் படியில் குந்தி அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

"வீசிங் எனுக்குக் கண்ணு. நீ இன்னாத்துக்கு மூச்சு வாங்குற?" என்றார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணன் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். எல்லம்மாக்கா முட்டிவலிக்குப் பிறகு கூடையை விட்டுவிட்டு எண்ணூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளை அதட்டுவதற்கு மூச்சு குறைவில்லை என்று கேள்வி. அந்தத் தெருவுக்கு மீன் இப்போது பைக்கில் ஐஸ்பெட்டியில் வருகிறது, ஹாரன் அடிக்கிறார்கள். அந்த வீசிங் நெஞ்சில் எங்கிருந்துதான் காற்று வந்ததோ, அப்போதெல்லாம் முனையில் நின்று அக்கா "மீனேய்" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவிலிருந்தெல்லாம் பூனைகள் ஓடிவரும். ஹாரனுக்கு எந்தப் பூனையும் வருவதில்லை.