கட்டித் தயிர்

எழுபதுகளில் சிட்னியில் எங்களுக்குத் தயிர் என்றாலே பெரும்பாடு. ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஐரோப்பியக் கம்பெனி சூப்பர்மார்க்கெட் திறந்தபோது, அவர்கள் விற்ற தயிர் டப்பாவைக் கண்டு நான்தான் முதலில் மயங்கினேன். கவிழ்த்தால்கூட அசையாது. தினமும் அதிலிருந்தே பாலுக்கு உறை ஊற்றினேன்; பால் சரியாக உறையாத நாளில் அதையே சோற்றில் போட்டுப் பிசைந்தோம். மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன். இரண்டு வீடும் முட்டைகூடத் தொடாத சைவம்.

ஒரு வியாழக்கிழமை கடை மேனேஜரிடம், இது மட்டும் எப்படி இவ்வளவு கட்டியாக இருக்கிறது என்று பாராட்டாகத்தான் கேட்டேன். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் பசையைக் கலக்கிறோம், எங்கள் நாட்டில் குழந்தைகள்கூட விரும்பிச் சாப்பிடும் என்றான் பெருமையாக. தூ! பாலில் மாட்டையே கரைத்து விற்கிறவனுக்கு அப்படி என்ன இளிப்பு?

வீட்டுக்கு வந்து பாத்திரத்துத் தயிரைத் தொட்டியில் கொட்டினேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் தயிர் தாங்கோ. நாளைக்கு வெள்ளியெல்லே, உங்கட தயிரைத்தான் சாமிக்கு வைக்கிறனான்."

"தீர்ந்துபோச்சுக்கா."

"அதுக்கென்ன, எந்தக் கடை எண்டு சொல்லுங்கோ, நானே வாங்கிறன்."

சொன்னேன். வழியும் சொன்னேன். அந்த மேனேஜராவது கேட்டவுடன் உண்மையைச் சொன்னான்.