அம்சவல்லி வாயைத் திறந்த நாள்

அம்சவல்லிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். அதைவிட அவள் நாலு அடி அடித்திருக்கலாமே என்று எதிரில் நிற்பவருக்குத் தோன்றும். கருவேப்பிலங்குறிச்சியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தலில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவள் புருஷன் விருத்தகிரி, "இவ வாய மூடுனாதான் எனக்கு நிம்மதி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. அன்றைக்கு மூடியவள்தான். ஆறு வருஷமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பேசாவிட்டால் போயேன் என்று இருந்துவிட்டான்.

அதற்காகக் குடித்தனம் நின்றுபோகவில்லை. அவன் ஒரு செராமிக் கம்பெனியில் சூளைக்குள் பொம்மை அடுக்குகிறவன். அவள் வேறொரு கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளுக்கு ஓரம் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைக்கிறவள். இரண்டு பேருக்கும் நடுவில் மகள் யுவஸ்ரீ. "அப்பாவ சாப்புட கூப்புடு" என்று அம்சவல்லி சுவரைப் பார்த்துச் சொல்வாள். "ரேஷன் கார்டு எங்க இருக்குதுன்னு ஒங்கம்மாவ கேளு" என்று அவன் கூரையைப் பார்த்துச் சொல்வான். கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். ஆனாலும் பிள்ளை இங்கே வந்து கேட்டு, அங்கே போய்ச் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் பிடித்த வேலை, ஏழாம் வகுப்பு வந்தும் விடவில்லை. இதில் ஒரு தப்பு இருப்பதாகப் பெற்றவர்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பெரியவர்களின் ரோஷத்துக்கு ஓடியாடச் சின்னப் பிள்ளையின் கால்தான் கிடைத்தது.

அது 2008. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாதிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மை துடைத்துக்கொண்டிருந்த ராஜம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன்டி அம்சா, ஒம் பொண்ணு பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் கடையில பசங்களோட கேம் ஆடுதாமே? எம் மருமவ பாத்துட்டு வந்து சொல்றா."

அம்சவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்ப்யூட்டர் கிளாஸ் என்றல்லவா பிள்ளை சொல்லியிருந்தது! சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, கையில் காய்ந்த வெள்ளை மண்ணைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள்.

கடையை நடத்துகிறவள் கயல்விழி. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு, வேலைக்குச் சென்னை போகாமல் இங்கேயே நாலு மிஷின் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள். வாசலில் வந்து நின்ற முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"யுவஸ்ரீ அம்மாங்களா? உக்காருங்கக்கா. அஞ்சு நிமிஷம் பாருங்க. அப்புறம் இழுத்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று தணிந்த குரலில் சொன்னாள். "பேருதான் கேமுக்கா. வகுப்புல வாயத் தொறக்காத புள்ளைங்களுக்குப் பேசப் பழக்கறேன். சேந்து வேல செய்யப் பழக்கறேன்."

ஜன்னல் இல்லாத அறை. பலகை அடித்த தடுப்புக்குள் யுவஸ்ரீ வாசலுக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த தடுப்பில் கார்முகில் என்று ஒரு பையன். இன்னும் இரண்டு பிள்ளைகள் நெய்வேலியில், கயல்விழியின் தோழி நடத்தும் கடையில். நாலு பேரும் இன்டர்நெட்டில் சேர்ந்து ஒரு பாழடைந்த கோட்டையிலிருந்து தப்பிக்க வேண்டும். ஒருத்தர் திரையில் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும். நெய்வேலியோடு பேசும் மைக் யுவஸ்ரீயிடம் மட்டும் இருந்தது.

"அந்த நெய்வேலிக்காரன் லூசாடி? கதவ மூடித் தொலைச்சிட்டான்!" என்று கார்முகில் கத்தினான்.

யுவஸ்ரீ மைக்கில் பேசினாள். "கார்முகில் ஒனக்காவத்தான் காத்துக்கிட்டு இருக்கான். எடது பக்கத்து கதவ மட்டும் தொறந்து வுடு." அந்தப் பக்கம் என்ன திட்டு வந்ததோ தெரியவில்லை. கேட்டுவிட்டு இவனிடம் திரும்பி, "நீ நல்லா ஆடறியாம். கொஞ்சம் மெதுவா வரச் சொல்றான்" என்றாள். கார்முகில் குளிர்ந்து போய்விட்டான். கதவு திறந்தது.

அம்சவல்லி வாயைப் பிளந்தாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையா இது! இழுத்துக்கொண்டு போக வந்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. அறை இருண்டது. யுவஸ்ரீ ஹெட்போனைக் கழற்றினாள். தாய் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"எப்பிடி யுவா, சண்டையே வராம பேசற? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கயல்விழி கேட்டாள். தாய் காதில் விழட்டும் என்றுதான் கேட்டாள், பாவம்.

"வூட்ல பழக்கங்க்கா. அப்பா சொல்றத அப்பிடியே அம்மாகிட்ட சொன்னா அம்மா அழுவும். அம்மா சொல்றத சொன்னா அப்பா சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிடும். அதனால நானே நல்லதா மாத்திச் சொல்லிடுவேன். சில நாளு ஒண்ணுமே சொல்லிருக்க மாட்டாங்க, அன்னிக்கும் நானா எதுனா சொல்லிடுவேன்."

கயல்விழி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

எந்த வழியாக நடந்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பழசு ஒன்றுதான் மனசில் ஓடியது. பெண்ணாடத்தில் அவள் அம்மா செத்த சமயம், ஊருக்குத் திரும்பி வந்தும் சோறு இறங்காமல் கிடந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷனோடு என்ன வாழ்க்கை என்று, பிறந்த வீட்டுக்கே போய்விடப் பையைக் கட்டி வைத்திருந்தாள். அப்போது யுவஸ்ரீ வந்து, "நீ சாப்புடற வரைக்கும் அப்பாவும் சாப்புட மாட்டேன்னு சொல்லிச்சி" என்றாள். பையை அவிழ்த்தது அந்த வார்த்தைக்காகத்தான். மனசுக்குள் புருஷன் என்று ஒருத்தனை வைத்திருந்ததும் அந்த வார்த்தையை நம்பித்தான். அதைச் சொன்னது யார்? அவனா, பிள்ளையா? பிள்ளையிடம் கேட்க முடியாது. கேட்டால் அதற்கும் நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடும். அவனிடம்தான் கேட்க வேண்டும்.

விருத்தகிரி வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். யுவஸ்ரீ அதற்குள் வந்து டீ போட்டிருந்தாள். அம்சவல்லி அவன் எதிரில் போய் நின்றாள்.

"எங்கம்மா செத்தப்ப, நான் சாப்புடாம நீங்க சாப்புட மாட்டேன்னு சொன்னீங்களா?"

அவன் கண் பழக்கத்தில் யுவஸ்ரீயைத் தேடியது.

"அவள பாக்காதீங்க. என்னப் பாத்து சொல்லுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது வரவில்லை. "இல்ல" என்றான். அவனுக்கும் ஏதோ பொறி தட்டி முகம் வெளுத்தது. "சூளையில எனக்குக் கை வெந்துபோச்சே... அவருக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்னு நீ சொன்னியே. திருப்பூருக்கு வேலைக்குப் போயிடலாம்னு இருந்தவன் அதுக்காவத்தான் நின்னேன். அது?"

"நான் சொல்லல."

இரண்டு பேரும் அதிர்ந்துபோய் ஒரே நேரத்தில் மகளைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் இந்த வீட்டைத் தாங்கிப் பிடித்தது இவளா? யுவஸ்ரீ அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இனிமே மாத்த மாட்டேம்மா. சொல்றத அப்பிடியே சொல்லிடறேன்" என்று அழுதாள்.

அம்சவல்லி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எங்க பேச்ச வுடு. நீயா எங்களாண்ட சொல்லணும்னு நெனச்சது ஏதாவது இருக்குதாடி?"

யுவஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வர்ற சனிக்கெழம சென்டர்ல போட்டி. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேந்து வரணுமாம். அதனால நான் ஆடலன்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்சவல்லி கண்ணைத் துடைக்கவில்லை. புருஷனை நேராகப் பார்த்தாள்.

"சனிக்கெழம லீவு போடுங்க."

யுவஸ்ரீ சட்டென்று அழுகையை நிறுத்தி அவன் பக்கம் திரும்பினாள். "அப்பா, அம்மா ஒன்ன லீவு போடச்..."

"கேட்டுதும்மா" என்றான் விருத்தகிரி. "எனக்கே கேட்டுது."